ஜீப்பு சாய்ந்தபடியால் பேத்தியைப் பார்க்க வர இயலாத விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் சௌக்கியமா என்பதை இதை முழுக்கப் படித்தபிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கே மலைமேல் நீங்களும், என் மகளும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேத்தியும் குளிருக்கு அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை எப்படி என்று உங்களிடம் விசாரிப்பது முறையல்ல, மழை எப்போது என்று ஊருக்குச் சொல்வதே உங்கள் உத்தியோகம்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் வானிலை நிலையத்துக்குப் போன் போட்டால் மனுஷர் எடுக்கிறாரோ இல்லையோ காற்று முதலில் எடுத்துவிடுகிறது. போன வாரம் "குழந்தை எப்படி இருக்கா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "வடமேற்கு" என்று யாரோ பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். தவிர, என் மகள் போன தடவை அனுப்பிய சீட்டில் "அப்பா, நீங்க வர்றீங்களா, இல்ல அவளே நடந்து வந்து உங்களப் பாத்துக்கட்டுமா?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி பிறந்தபோது மழையில் பாதை அடைபட்டிருந்தது, அது கடவுள் செய்தது. பாதை திறந்தபிறகும் நான் வராததற்கு ஜீப்பு காரணம், அது நான் செய்தது என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நடந்தது என்ன என்று நீங்களே நடுநிலையோடு கேளுங்கள்.

உங்கள் நிலையத்துக்கு வரும் பாதையில் பஸ் வராது, கார் வந்தால் திரும்பிப் போகாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே ஓய்வுபெற்ற கையோடு ஒரு சின்ன ஜீப்பு வாங்கினேன். பழசுதான், ஆனால் கம்பீரமான பழசு. மாமனார் என்றால் மாப்பிள்ளை வீட்டு வாசலில் சொந்த வண்டியில் வந்து இறங்க வேண்டாமா? வண்டியை முற்றத்தில் நிறுத்தி, உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் கண்ணாடி டம்ளரில் டீ இருந்தது. அதை பானட்டின் மேல் வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வந்தவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, டீ கோணலா நிக்குது?" என்றாள். பார்த்தேன். டம்ளரில் டீ ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும்தான் நின்றது. வண்டி வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, அதாவது நான் உட்கார்ந்து ஓட்டும் பக்கம். "வண்டிமேல தப்பு இல்ல. கடையிலேருந்து இங்க வரைக்கும் நீங்கதானே அந்தப் பக்கம் உக்காந்து ஓட்டிட்டு வந்தீங்க" என்றாள். மாப்பிள்ளை, நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஜீப்பைச் சாய்க்கிற அளவுக்கா? "சாஞ்ச வண்டியில நான் மலை ஏற மாட்டேன். பள்ளம் அந்தப் பக்கம் வந்தா அப்படியே கவுந்துடும். நிமிர்த்திட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். எடை அளவு இலாகாவில் ஆயுள் முழுக்க தராசுக்கு முத்திரை வைத்தவன். நான் கடைக்குள் காலை வைத்தால் முதலாளிகள் எழுந்து நிற்பார்கள், எடைக்கற்கள் தானாகச் சரியாகிவிடும். அப்படிப்பட்டவனிடம் வந்து எடைப் பழி போட்டால் விடுவேனா? உடனே பரணில் ஏறி ரசமட்டத்தை எடுத்தேன். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்க வைத்துக்கொள்ளும் சாமான்தான், என்னிடம் சொந்தமாக ஒன்று உண்டு. அதை பானட்டில் குறுக்காக வைத்தேன். உள்ளே இருந்த நீர்க்குமிழி இடது பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அப்போது நான் வண்டியில் இல்லை, தரையில் நிற்கிறேன். ஆக, சாய்வுக்கு என் உடம்பு காரணமில்லை என்று விஞ்ஞான பூர்வமாக நிரூபணம் ஆயிற்று. உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீங்க எறங்கிட்டீங்க, அது இன்னும் நிமிரல. பாவம், எவ்வளவு நேரம் சுமந்துதோ" என்றாள்.

நேரே பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஜீப்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன, அந்தப் பட்டை ஸ்பிரிங்தான் வண்டியைத் தாங்குகிறது என்பதை அன்றுதான் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "பட்டையெல்லாம் நல்லாவே தேஞ்சிருக்கு சார். ஒன்னோட ஒன்னு உரசி நடுவுல பள்ளமே விழுந்திருக்கு. வளைவு செத்துப்போய் உக்காந்துடுச்சு. ரப்பர் புஷ்ஷெல்லாம் பிஞ்சிருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களா, வலது பக்கம் உக்காந்துடுச்சு!" என்றேன். "வலது பக்கம்னு இல்ல சார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேஞ்சிருக்கு. வண்டி மட்டமாத்தானே நிக்குது?" என்றார். எப்படி இருக்கும் எனக்கு? உங்க பட்டறைத் தரை எண்ணெயும் மண்ணுமாகக் கிடக்கிறது, அதில் நிறுத்திவிட்டு மட்டம் பேசாதீர்கள் என்றேன். "மாத்தறதா இருந்தா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க சார், ஒத்தையா கை வைக்கக் கூடாது" என்றார். பழுது ஒரு பக்கம், வைத்தியம் ரெண்டு பக்கமா? வலது பக்கம் மட்டும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக் கட்டுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு, நான் சொன்னபடியே செய்துகொடுத்தார்.

முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி ரசமட்டம் வைத்தேன். குமிழி கச்சிதமாக நடுவில் வந்து நின்றது! உங்கள் அத்தைக்கும் வேறு வழியில்லை, நேரில் பார்த்துவிட்டாள். அன்றைக்கே பையெல்லாம் கட்டி, பேத்திக்கு அவள் பின்னிய ஸ்வெட்டர், தொப்பி, காலுறை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். தெருமுனை திரும்பியதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெரு வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, நான் ஒரு பக்கமா வழிஞ்சு வழிஞ்சு போறேனே?" என்றாள். "வண்டி மட்டமா இருக்குன்னு நீதானே பாத்தே. ரோடு சரியில்ல" என்றேன். பாலம் வந்தது. பாலத்திலும் வழிந்தாள். "பாலமும் சரியில்லையா?" என்றாள். "இப்பல்லாம் யாரு ஒழுங்காப் போடறாங்க?" என்றேன். பெரிய சாலை, சின்னச் சாலை, பெட்ரோல் பங்கின் சிமெண்ட் தரை, எல்லாமே இடது பக்கம் சரிந்திருந்தன. ஊரில் ஒரு சாலையாவது உருப்படியாகப் போட்டிருக்கிறார்களா என்று எனக்கே கோபம் வந்தது. ஒப்பந்தக்காரர்களைக் கண்டித்துப் பொதுப்பணி இலாகாவுக்கு ஒரு மனுகூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். தள்ளிப்போய் நின்று வண்டியைப் பார்த்தாள். வண்டி அவள் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது, நானும் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்தேன். "இப்ப புரியுது. நீங்க கனம் இல்ல, நான்தான் கனம்னு நாலு பேருக்குக் காட்டணும். அதுக்குத்தானே பட்டறைக்குப் போனீங்க?" என்றாள். அடிவாரத்து டீக்கடையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மலை உச்சியில் உங்கள் நிலையத்தின் காற்றாடி சுற்றுவது அங்கிருந்தே தெரிந்தது, மாப்பிள்ளை. அவ்வளவு கிட்டே வந்துவிட்டுத் திரும்பினோம். திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில், நட்டநடுவில் உட்கார்ந்து வந்தாள்.

அடுத்து நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பல்ல. மெக்கானிக்கின் மச்சான் ஒருவர் அந்தப் பட்டறையில் இருக்கிறார், எல்லோரும் 'உசரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் என் தோளுக்கு வருவார். வண்டிகளைத் தூக்கி உயர்த்துவதென்றால் அவருக்கு உயிர், அதனால் வந்த பெயர். அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், "மலைக்குப் போற வண்டி இப்படியா தரையத் தடவிக்கிட்டு நிக்கறது? பட்டையத் தொங்கவிடற ஷாக்கிள நீளமாப் போட்டு, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டை குடுத்து, சக்கரத்தையும் பெருசாப் போட்டுத் தூக்கிடலாம் சார். மேல உக்காந்துட்டா சாய்வாவது ஒன்னாவது, எதுவும் தெரியாது" என்றார். மெக்கானிக் தூரத்திலிருந்து, "சார், அவன் பேச்சக் கேக்காதீங்க. உசரத் தூக்கினா சாய்வு அதிகமாத்தான் தெரியும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஒருவர் தெரியாது என்கிறார், ஒருவர் தெரியும் என்கிறார். எனக்குப் பிடித்ததைச் சொன்னவரை நம்பினேன். தூக்கிவிட்டார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த வேகத்தில் முற்றத்துத் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, உங்கள் அத்தையின் இரண்டு புடவையும் என் வேட்டியும் மேலே போர்த்திக்கொண்டு நின்றது. கொட்டகைக்குள் போகவில்லை, கூரைத் தகரம் இடித்தது. முன்பக்கம் தூக்கலாக நின்றதால் விளக்கு சாலையில் விழாமல் எதிர்வீட்டு மாடிக்குள் விழுந்தது. மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து, "சார், நான் சாப்பிடறத ஏன் சார் விளக்குப் போட்டுப் பாக்கறீங்க?" என்றார். இதெல்லாம் போகட்டும். ஏறுவது எப்படி? உங்கள் அத்தை காலைத் தூக்கிப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அதில் ஏறி அவள் உட்கார்ந்தாள். நான் அதே முக்காலியைச் சுற்றி எடுத்துவந்து, என் பக்கம் போட்டு ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மேலே, முக்காலி கீழே. போகிற இடத்தில் இறங்க முக்காலி வேண்டுமே? இறங்கி எடுத்தால் மறுபடி எப்படி ஏறுவது? கடைசியில் முக்காலிக்கு ஒரு கயிறு கட்டி, ஏறியபின் மேலே இழுத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தேன். முதல் நாளே இழுக்க மறந்து வண்டியை எடுத்துவிட்டேன். முக்காலி பின்னாலேயே குதித்துக்கொண்டு வந்தது, அதன் பின்னால் தெரு நாய்கள் எல்லாம் வந்தன, கடைத்தெருவில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, "ஐயா, உங்க வீட்டுச் சாமான் ஒன்னு நடந்து வருது" என்றார்.

பேசாமல் சாமான் லாரியில் ஏறிப் போய்விடலாம் என்று உங்கள் அத்தை சொல்லத் தொடங்கியது அன்றுதான். உங்கள் நிலையத்துக்கு வாராவாரம் அரிசியும் வெங்காயமும் ஏற்றிவருகிற அதே லாரிதான். "அதுவும் அங்கதான் போகுது, நாமளும் அங்கதான் போகணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பது அவள் வாதம். நான் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு மாமனார் வெங்காய மூட்டைக்கு நடுவிலிருந்து இறங்குவதா? உங்கள் மேலதிகாரி பார்த்தால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? உங்கள் கௌரவத்துக்காகத்தான் மறுத்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். தூக்கிய நாளிலிருந்து அடியில் ஏதோ ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டே வந்தது, புஷ் இருந்த இடமெல்லாம் கடகடத்தது, பட்டை விறைத்துப்போய், வண்டி ஒரு குழியில் இறங்கினால் நாங்கள் இரண்டு பேரும் கூரைக்குப் போய்விட்டு வந்தோம். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் சரியில்லை. "பிரேக் எண்ணெய் போற ஹோஸ் நீளம் பத்தாம இழுத்துக்கிட்டு நிக்குது சார். சக்கரம் ஒரு பெரிய குழியில எறங்கினாப் போதும், அறுந்துடும். இத எடுத்துக்கிட்டு நீங்க மலை ஏறலாம். எறங்கறது உங்க பாடு" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது, மாப்பிள்ளை. நான் தனியாகப் போகிறவன் அல்லவே. தூக்கியதையெல்லாம் கழற்றிவிடுங்கள், ஆனால் முதலில் அந்தச் சாய்வுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "சாய்வு எங்க சார் இருந்துச்சு? நீங்க பட்டை போடச் சொன்னதுக்கு அப்புறம்தானே வந்துச்சு" என்றார். நான் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

முற்றத்தில் நிறுத்திவிட்டு, ரசமட்டமும் கையுமாக நான் பானட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை முற்றம் கழுவ வாளியோடு வந்தாள். ஒரு வாளித் தண்ணீரை இடது பக்கச் சுவரோரம் கொட்டினாள். தண்ணீர் ஜீப்புக்கு அடியில் நுழைந்து, நேரே வலது பக்கம் ஓடி, சாக்கடையில் போய் விழுந்தது. அவள் இன்னொரு வாளி கொட்டினாள். அதுவும் ஓடியது. அப்புறம் துடைப்பத்தைத் தண்ணீர் ஓடிய தரையை நோக்கி நீட்டிக் காட்டினாள். மாப்பிள்ளை, சாய்ந்தது ஜீப்பு அல்ல, முற்றம். மழைத்தண்ணீர் தேங்கக்கூடாதென்று சாக்கடைப் பக்கம் வாட்டம் வைத்துத் தரை போடச் சொன்னதே நான்தான். கொத்தனார் கூடவே நின்று, இதே ரசமட்டத்தை வைத்து வாட்டம் சரிபார்த்ததும் நான்தான். தராசைச் சோதிப்பதற்கு முன் அது நிற்கும் மேஜை மட்டமா என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் இலாகாவில் முதல் பாடம். எத்தனை கடைக்காரர்களை அதற்காகவே விரட்டியிருப்பேன்! என் வீட்டு முற்றத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. ஊரில் உள்ள சாலைகள் எல்லாம் மட்டமாகத்தான் இருக்கின்றன. உங்கள் அத்தை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "இத்தன நாள்ல கொழந்த உக்காரவே ஆரம்பிச்சிட்டாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அடுப்படியில் அழுதாள், எனக்குத் தெரியும்.

இப்போது ஜீப்பு பட்டறையில் சக்கரம் கழற்றி, கற்களின் மேல் நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புதுப் பட்டை வெளியூரிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால் மெக்கானிக் வானத்தைப் பார்க்கிறார். அதற்குள் மழை பிடித்துப் பாதையை அடைத்துவிட்டால் அடுத்த வருஷம்தான். எனக்கு என் பேத்தியைப் பார்க்கவேண்டும், மாப்பிள்ளை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் தொப்பிக்கும் போர்வைக்கும் நடுவில் ஒரு மூக்கு மட்டும்தான் தெரிகிறது. அது என் மூக்கு என்று நானும், இல்லவே இல்லை என்று உங்கள் அத்தையும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சண்டை ஓய்ந்தபின் இரண்டு பேரும் மாறி மாறி அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவசரப்படக்கூடாது. வண்டி தயாரானதும், முறைப்படி, சொந்த வண்டியில், நிமிர்ந்து வந்து இறங்குவேன். அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி என் மகளிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். லாரி யோசனை இனி வேண்டாம் என்று உங்கள் அத்தையிடமும் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். இதில் மாற்றமில்லை.

என் மகளுக்கு என் அன்பு. பேத்திக்கு ஆயிரம் முத்தம், ஒவ்வொன்றாக நீங்களே என் சார்பில் கொடுத்துவிடவும். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல், மனசு நிறைந்து, பல்லாண்டு காலம் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் கோரும்
மாமனார்

பின்குறிப்பு: எழுத்து இப்படி ஆடுவதற்கு மன்னிக்கவும், இதை லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை வாங்கிப்போக லாரிக்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். நான் உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் அத்தை, "லெட்டர் மட்டுந்தான் ஏத்துவீங்களா, ஆளும் ஏத்துவீங்களா?" என்று அவரைக் கேட்டாள். "தாராளமா ஏறுங்கம்மா" என்றார். பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "லெட்டரக் குடுங்க, நானே மாப்பிள்ளைகிட்ட சேத்துடறேன். நீங்க வண்டி ரெடியானதும் முறையா வாங்க" என்றாள். லாரிக்காரர் கியர் போட்டுவிட்டார். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை, பின்பக்கம் வெங்காய மூட்டைமேல் கிடக்கிறேன். செருப்பு ஒன்று தெருவிலேயே விழுந்துவிட்டது. லாரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் பார்க்கவில்லை. மேலே எழுதிய எதையும் மகளிடம் சொல்ல வேண்டாம். நிலையம் தெரிகிறது, வாசலில் யாரோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. முதலில் அவளை என் கையில் கொடுங்கள், மாப்பிள்ளை. கடிதத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.